என் கணவர் வாத்துத் துவக்கு தெரிவு செய்த கதை

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தேம்ஸ் நதி கடலோடு சேரும் எசெக்ஸ் கரையோரச் சதுப்பு நிலத்தில் நடந்தது இது. நடந்தது என்னவோ ஒரு காலைப்பொழுதுக்குள்தான். ஆனால் அந்தக் காலைக்கு வந்துசேர எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த ஒன்றரை வருடமும் லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

என் கணவர் நல்ல மனிதர். குடி இல்லை, சூது இல்லை. ஹவுன்ஸ்லோப் பக்கத்தில் விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை. அவரிடம் ஒரேயொரு குணம்தான் என்னை வாட்டும். எதையும் தெரிவு செய்ய அவரால் ஏலாது. ஒரு ரைஸ் குக்கர் வாங்க ஒரு கோடை முழுக்க எடுத்தவர். பெயின்ற் கடையில் வெள்ளை நிறத்திலேயே எத்தனை வகை என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் அறையைப் பழைய நிறத்திலேயே விட்டவர். எங்கள் மகளுக்குப் பெயர் வைத்ததே நான்தான். அவரிடம் விட்டிருந்தால் பிள்ளை பெயரில்லாமல் பள்ளிக்கூடம் போயிருக்கும்.

இப்படிப்பட்டவரை, கூட வேலை செய்யும் வெள்ளைக்கார நண்பர் ஒருவர் ஒரு நாள் வாத்துச் சுடக் கூட்டிக்கொண்டு போனார். சும்மா பார்க்கத்தான். திரும்பி வந்தவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் பல காலமாகப் பார்த்ததில்லை. விடியும் நேரம், பனிமூட்டம், தலைக்கு மேலே சிறகுச் சத்தம் என்று ஏதேதோ சொன்னார். அதன் முடிவில், "இஞ்சேரப்பா, நானும் ஒரு துவக்கு எடுப்பம் எண்டு பாக்கிறன்" என்றார்.

நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன். துவக்குகளுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்த ஆட்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு துவக்கோடு வந்தவர்கள் எல்லா நிறத்திலும் உடுப்புப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் எந்தத் துவக்கு நல்லது என்று என்னிடம் கேட்டதில்லை. என் கணவர் கேட்டார். அடுத்த ஒன்றரை வருடமும் அதைத்தான் கேட்டார்.

முதலில் லைசென்ஸ். அதற்கு டொக்டரின் கடிதம், தெரிந்தவர் ஒருவரின் சாட்சி, சுவரோடு சேர்த்துப் பூட்டும் இரும்பு அலுமாரி எல்லாம் வேண்டும். அந்த அலுமாரியை எந்தச் சுவரில் பொருத்துவது என்பதற்கே அவருக்கு ஒரு மாதம் போனது. பிறகு பொலிஸிலிருந்து ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். அலுமாரியை ஆட்டிப் பார்த்தார், கணவரிடம் நிறையக் கேள்வி கேட்டார். பிறகு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து என்னைத் தனியே விசாரித்தார். இந்த வீட்டில் துவக்கு இருப்பது உங்களுக்குச் சம்மதமா, உங்கள் கணவர் கோபக்காரரா என்று.

நான் "இல்லை, சம்மதமில்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன். ஆனால் கதவிடுக்கால் அவர் தெரிந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனைப் போல, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். அதைப் பார்த்ததும் வாயில் வேறு பேச்சு வந்துவிட்டது.

"அவருக்குக் கோபம் வந்தால் எந்தத் தோட்டாவைப் போடுவது என்று யோசித்து முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும்" என்றேன். அலுவலர் சிரித்தார். லைசென்ஸ் வந்தது.

அதன்பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. எனக்கு இந்த விசயங்களில் ஒரு துளி விருப்பமும் கிடையாது. ஆனாலும் இன்றைக்கு யாராவது என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இங்கிலாந்தில் வாத்தை ஈயச் சன்னத்தால், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈயக் குண்டுகளால், சுடக் கூடாது. சட்டம். தண்ணீருக்குள் விழும் ஈயத்தைப் பறவைகள் கல்லென்று நினைத்து விழுங்கி, நஞ்சேறிச் செத்துப்போகின்றன. ஆகவே உருக்குச் சன்னம் வேண்டும். உருக்கு ஈயத்தைவிடப் பாரம் குறைவு, ஆகவே சன்னம் கொஞ்சம் பெரிதாக வேண்டும். உருக்கு கடினமானது, ஆகவே பழைய துவக்கு சரிவராது. குழலின் வாய் மிகவும் ஒடுங்கியிருந்தால் குழல் பழுதாகும், அகலமாக இருந்தால் சன்னம் சிதறிப் போகும். இதையெல்லாம் நான் கேட்டுப் படித்தவள் இல்லை. பருப்புக்குத் தாளிக்கும்போதும், மகளோடு போனில் கதைக்கும்போதும், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றும் அவர் சொன்னவை.

"செமி ஓட்டோத் துவக்கு எண்டால் தானாத் தோட்டா ஏறும், தோளில அடிக்காது. ஆனா சேறு பட்டால் இறுகிப் போகுமாம். ரெட்டைக் குழல் எண்டால் ரெண்டு வெடிதான், ஆனா துடைக்கிறது லேசு. நீர் என்ன சொல்லுறீர்?"

"ரெட்டைக் குழலையே எடுங்கோ."

"ஓம், ஆனா செமி ஓட்டோவில என்ன எண்டால்..."

துவக்குக் கடைக்கு மூன்று நான்கு தரம் போனோம். காரை ஓட்டியது நான். இல்லாவிட்டால் எந்தப் பாதையால் போவது என்பதில் கடை பூட்டிவிடும். கடைக்காரர் பொறுமைசாலி. துவக்கை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். இவர் கன்னத்தில் அணைத்துப் பார்ப்பார், கண்ணை மூடித் திறப்பார், பெருமூச்சு விட்டுத் திருப்பிக் கொடுப்பார். இருபத்தெட்டு இஞ்ச் குழலா, முப்பது இஞ்ச் குழலா என்ற கேள்வி வந்த நாளில் கடைக்காரர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தார். அவரும் கல்யாணமானவராக இருக்க வேண்டும்.

கடைசியில் மேலும் கீழுமாக இரண்டு குழல் வைத்த துவக்கு ஒன்று வீட்டுக்கு வந்தது. அது வந்ததும் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. அதற்கு உறை, துடைக்க எண்ணெய்த் துணி. உண்மை வாத்துகளை ஏமாற்றி இறக்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகள், அவற்றில் ஆண் எத்தனை பெண் எத்தனை என்ற ஆராய்ச்சி. வாத்தைக் கூப்பிடும் ஊதுகுழல். அதை அவர் தோட்டத்தில் நின்று ஊதிப் பழக, பக்கத்து வீட்டு நாய் ஒரு கிழமை சாப்பிடவில்லை. மார்பு வரைக்கும் வரும் றப்பர்க் காற்சட்டை ஒன்றுக்காக அவர் பட்ட பாட்டில் ஒரு கல்யாணமே பேசி முடித்திருக்கலாம். மகள் பல்கலைக்கழகத்திலிருந்து லீவுக்கு வந்தபோது ஹோலைப் பார்த்துவிட்டு, "அம்மா, வாத்துகள் எங்கட வீட்டுக்கே குடிவந்திட்டுதா?" என்று கேட்டாள்.

நண்பரோடு சில தரம் போய்வந்தார். சுடுவதற்கு முன் எந்த வாத்து என்று யோசிப்பதால் ஒன்றும் விழுவதில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. நண்பருடைய வேட்டைச் சங்கத்திடமிருந்து தனியே போகவும் அனுமதி கிடைத்தது. அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. நண்பருக்குக் காய்ச்சல். இவர் தனியே போகப் போகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அப்படியென்றால் நானும் வருகிறேன் என்று, சினத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்க் தேநீரையும் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே கடலுக்கும் வயல்களுக்கும் நடுவே நீளமாக ஒரு மண் அணை போகிறது. அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டு இருந்துகொண்டேன். கீழே புல்லும் சேறும். அதற்கப்பால் கடல் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. நடுநடுவே வாய்க்கால்கள். காற்று காதை அறுத்தது. இவர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கீழே இறங்கி, ஒரு பள்ளத்துக்குள் பதுங்கினார். ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் மனதுக்குள் அவரைப் பேச வேண்டிய பேச்சையெல்லாம் பேசி முடித்துவிட்டேன்.

பிறகு இரண்டு வாத்துகள் தாழப் பறந்து வந்தன. வெடிச் சத்தம் கேட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது. கண்ணைத் திறந்தபோது ஒரு வாத்து சுழன்று சுழன்று விழுந்துகொண்டிருந்தது. விழுந்தது ஒரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

அவர் எழும்பி அதை எடுக்க நடந்தார். சுட்ட பறவையை விட்டுவிட்டு வரக் கூடாது என்று அவருக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அது சரிதான். ஆனால் விழுந்ததை எடுத்துவரும் நண்பரின் நாய் அன்றைக்கு இல்லை. வாய்க்காலுக்குள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் அவருடைய நடை நின்றுவிட்டது. யோசித்துக்கொண்டு நிற்கிறாராக்கும் என்று நினைத்தேன். அவர் எங்கே நின்றாலும் அப்படித்தான் நினைப்பேன். பிறகு பார்த்தால் ஆள் கட்டையாகத் தெரிந்தார். தொடை வரைக்கும் சேற்றுக்குள். துவக்கை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"இஞ்சேரப்பா, கால் வருகுதில்லை" என்ற சத்தம் காற்றில் வந்தது.

அவருக்குப் பின்னால் வாய்க்காலுக்குள் ஏதோ மினுங்குவதை அப்போதுதான் கண்டேன். கடல் திரும்பிவிட்டது. அலையும் இல்லை, சத்தமும் இல்லை. தரையில் கொட்டிய பால் ஊர்வது போலத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அவசர இலக்கத்துக்கு போன் பண்ணினேன். கரையோரக் காவலர்கள் புறப்படுகிறார்கள், ஆனால் வந்துசேரக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதுவரை நீங்கள் சேற்றுக்குள் இறங்கவே கூடாது என்றார்கள். அவரைப் பார்த்தால் அங்கேயே நின்று, துவக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் அணை வழியாக ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். சேறு படிந்த உடுப்பு, தோளில் உறையிட்ட துவக்கு, பக்கத்தில் நனைந்துபோன ஒரு மண்ணிற நாய். காலையில் சுட்டு முடித்து வீட்டுக்குப் போகிறவர். என் முகத்தைப் பார்த்தார், கீழே பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன்னுடைய பையிலிருந்து கயிறு ஒன்றை எடுத்தார். உன் கணவருக்குப் பக்கத்தில் சிப்பி ஓடு படிந்த மேடு ஒன்று இருக்கிறது, அது தாழாது, நான் கால் வைக்கும் இடத்தில் மட்டும் கால் வைத்து என் பின்னால் வா என்றார். அவ்வளவுதான். அவர் இறங்கினார், நானும் இறங்கினேன். போனில் சொன்னவர்களின் குரல் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் கணவர் அங்கே நிற்க நான் இங்கே எப்படி நிற்பது?

மேட்டில் ஏறியபோது தண்ணீர் என் கணவருடைய இடுப்புக்கு வந்திருந்தது. முதலில் துவக்கைத் திறந்து தோட்டாக்களை எடுக்கச் சொன்னார் அந்த அம்மா. எடுத்தார். பிறகு அந்த அம்மா கயிற்றை எறிந்தார். அது இவருடைய மார்புக்கு முன்னால் விழுந்தது. இவர் அதைப் பிடிக்கவில்லை. பிடிக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் துவக்கு.

கீழே போடு என்று அந்த அம்மா கத்தினார். இவர் சுற்றிவரப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"எந்தப் பக்கம் வைக்கிறது? குழலுக்குள்ள சேறு போயிடுமெல்லே."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. இத்தனை வருடம் ரைஸ் குக்கருக்கும் பெயின்றுக்கும் சேர்த்துவைத்த கோபம் எல்லாம் தொண்டைக்கு வந்தது. அதோடு ஒரு பயமும் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இவர் பிழையாகத் தெரிவு செய்யப் போகிறார் என்ற பயம் இல்லை. தெரிவு செய்யாமலே நின்றுவிடப் போகிறார் என்ற பயம்.

"துவக்கை விடுங்கோ. துவக்கும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், நீங்கள் வாங்கோ" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. சண்டைக்காலத்தில் பங்கருக்குள் ஓடும்போது என் அம்மா இப்படித்தான் கத்துவார்.

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு கையை விட்டார். அத்தனை மாதம் தேடியெடுத்த துவக்கு தண்ணீருக்குள் சத்தமில்லாமல் போனது. தோட்டாப் பையைக் கழற்றினார், அதுவும் போனது. கயிற்றைக் கைகளுக்குக் கீழே சுற்றிக்கொண்டார். அந்த அம்மா றப்பர்க் காற்சட்டையின் வாரைக் கழற்றச் சொன்னார். அது சேற்றிலேயே நிற்கட்டும், நீ மட்டும் அதற்குள்ளிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து, காலை உருவிக்கொண்டு வா என்று.

வாரைக் கழற்றினார். சாயத் தொடங்கியவர் நிறுத்தி, அந்த அம்மாவிடம் பணிவாகக் கேட்டார்: முதலில் எந்தக் காலை எடுக்க வேண்டும், இடதா, வலதா?

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையில் கை வைத்தேன். "ஏதாவது ஒரு காலை எடு" என்று அவர் போட்ட சத்தத்தில் நாயே பின்வாங்கியது.

இரண்டு பெண்களும் சேர்ந்து இழுத்தோம். கயிறு உள்ளங்கையை எரித்தது. முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு சேறு ஒரு பெரிய ஏப்பம் விட்டது போலச் சத்தம் வந்து, ஒரு கால் வெளியே வந்தது. பிறகு மற்றது. வயிறு சேற்றில் இழுபட, நீளக் கம்பளிக் காற்சட்டை மட்டும் போட்ட என் கணவர் முதலையைப் போல ஊர்ந்து வந்து மேட்டில் ஏறினார். அந்த அம்மா அவரை இருக்க விடவில்லை. வந்த வழியாகவே முழங்கால் தண்ணீரில் எங்களை நடத்திக் கொண்டுபோய் அணையில் ஏற்றினார். நான் திரும்பிப் பார்த்தபோது றப்பர்க் காற்சட்டை நின்ற இடம் தெரியவில்லை. வெறும் தண்ணீர்.

நாயை மறந்துவிட்டோம். அது தன்பாட்டில் வாய்க்காலை நீந்திப் போய், அந்த வாத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டது. வாத்து செத்திருந்தது. இன்னும் சூடாக இருந்தது. அதற்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதேன். யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா தன்னுடைய வான் வண்டிக்குள் ஏற்றி, போர்வை சுற்றி, எங்களுக்குச் சீனி கூடிய தேநீர் தந்தார். கரையோரக் காவலர்கள் வந்து அவரைச் சோதித்துப் பார்த்தார்கள், நல்ல ஏச்சும் கொடுத்தார்கள். துவக்கு விழுந்த விசயத்தைப் பொலிஸுக்கு அறிவித்தோம். மறுநாள் காலை கடல் வற்றியதும் அந்த அம்மா இன்னும் இரண்டு பேரோடு போய் அதை எடுத்துத் தருவதாகச் சொன்னார். சொன்னபடியே எடுத்தும் தந்தார். ஏன் எங்களுக்காக இவ்வளவு செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் விசித்திரமாகப் பார்த்தார். அது ஒரு கேள்வியா என்பது போல.

இவர் வானுக்குள் நடுங்கிக்கொண்டு இருக்க, நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். நானும் முன்பு இந்த அணையில் பிளாஸ்க்கோடு குந்தியிருந்து காத்திருந்தவள்தான் என்றார் அவர். வருடக்கணக்காகக் காத்திருந்து எரிச்சல் தாங்காமல் தானே சுடப் பழகிவிட்டதாகச் சொன்னார். கணவர் இப்போது வீட்டில் சமைக்கிறார், நீயும் யோசித்துப் பார் என்றார். நான் வேண்டாம் என்றேன். எனக்கு நானே ஒரு துவக்கு தெரிவு செய்ய வேண்டி வந்தால், அதற்கும் இவர்தான் ஆலோசனை சொல்வார். அதை நினைக்கவே தலை சுற்றியது.

வீடு திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். லண்டன் எல்லைக்குள் வந்த பிறகு, "நீர் சேத்துக்குள்ள இறங்கியிருக்கக் கூடாது" என்றார். "நீங்களும்தான்" என்றேன். பிறகு சிவப்பு விளக்கில் நின்றபோது கை நீட்டி என் உள்ளங்கையில் கயிறு எரித்த கோட்டைத் தடவிப் பார்த்தார்.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். சேறு புகுந்த குழலைத் துடைக்க எந்த எண்ணெய் நல்லது என்பதில் அந்த மாதம் முழுக்கப் போனது. இப்போதும் போகிறார், ஆனால் தனியே போவதில்லை. வாய்க்காலைக் கண்டால் திரும்பி வந்துவிடுகிறார். புதிய றப்பர்க் காற்சட்டை இன்னும் வாங்கவில்லை. இரண்டு வகைகள் பார்த்து வைத்திருக்கிறார். நேற்றும் நான் மருந்துக்கடை வேலை முடிந்து களைத்து வந்து கதவைத் திறந்ததுமே, இரண்டு படங்களைக் காட்டி எது நல்லது என்று கேட்டார்.

ஏச்சு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கடல் சத்தமில்லாமல் ஊர்ந்து வந்த அந்தக் காலையில், இனி என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்க ஆளில்லாமல் போய்விடுமோ என்று நான் நின்ற ஒரு நிமிடம் இருக்கிறது; அந்த நிமிடம் நினைவில் இருக்கும் மட்டும், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு படங்களையும் ஆறுதலாகப் பார்க்கத்தான் என்னால் முடிகிறது.